எழுத்துருவுக்குள் அடைபட்ட தமிழ்

2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட அந்தமான் நகரோடு பாலத்தால் இணைந்துள்ள சாத்தம் என்னும் சிறு தீவில் 1883ஆம் ஆண்டு ஆங்கில அரசு நிறுவிய மர அறுவை ஆலை, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்கு ஆளாகியும் மீண்டு இயங்கியது. அங்கு அறுபட்ட படாக் மரப் பலகையை இழைக்கும் தச்சருக்கு அது எந்த வாளால் அறுக்கப்பட்டது என்று அறிய வேண்டியதில்லை. வாள் தேய்ந்து ஒழிந்த பின்னும் பலகை பலகையாகவே இருக்கிறது. கணினியில் எழுதப்பட்ட தமிழுக்கு அதன் முதல் இருபது ஆண்டுகளில் இந்த எளிய பேறு வாய்க்கவில்லை. எழுதிய கருவி வழக்கொழிந்தபோது, எழுதப்பட்டதும் அதனோடு சேர்ந்தே படிக்க முடியாததாகியது.

இந்த இழப்பு இரு நிலைகளில் நேர்ந்தது. முதலாவது, மென்பொருளே இயங்காமல் போனது. 1980களில் கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ‘ஆதமி’ போன்ற தொடக்ககாலத் தமிழ்ச் செயலிகள், கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கப்படும் ‘டாஸ்’ என்னும் இயங்குதளத்துக்காக எழுதப்பட்டவை. டாசுக்கும் தொடக்ககால விண்டோசுக்கும் உரிய 16 பிட் நிரல்களை, அதாவது தரவை 16 இரும இலக்கங்கள் கொண்ட துண்டுகளாகக் கையாளும் நிரல்களை, 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. விண்டோஸ் 11 அந்த 64 பிட் வடிவில் மட்டுமே வெளிவந்ததால், பழைய செயலிகளுக்கு அந்த வாயில் முற்றாக அடைபட்டது. எனினும் இது தீர்க்கக்கூடிய சிக்கலே. பழைய கணினியின் நடத்தையைப் புதிய கணினிக்குள் நடித்துக் காட்டும் ‘டாஸ்பாக்ஸ்’ போன்ற போன்மிகளால் இத்தகைய செயலிகள் பலவற்றை இன்றும் இயக்கிப் பார்க்கலாம்.

இரண்டாவது நிலையே கொடியது. அதில் கோப்பு தடையின்றித் திறக்கும். திரையில் தெரிவது மட்டும் தமிழாக இராது. கணினி எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாட்டுக்குக் குறியேற்றம் என்று பெயர். அக்காலக் குறியேற்றங்களில் மொத்தம் 256 இடங்களே இருந்தன, அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும் உரியவை. தமிழின் 247 எழுத்துகளும் அதில் அடங்கா என்பதால், எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் எழுத்துகளைத் துண்டுகளாக்கித் தமக்கு வசதியான இடங்களில் அமர்த்தினர். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஒரு வழியில் சென்றது, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை வேறொரு வழியில் சென்றது, தமிழக அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பரவிய வானவில்லும் ஸ்ரீலிபியும் தத்தம் வழியில் சென்றன. ஈழத்தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு ஆங்கிலத்தின் இடங்களிலேயே தமிழைக் குடியேற்றியது; அதில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே பதிவாகும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளியில் இடம் கிடைத்தது ஒருவகையில் பொருத்தம்தான்.

ஒவ்வொரு எழுத்துருவும் தனியொரு நாடாக நடந்துகொண்ட இந்நிலையை மாற்ற, 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முன்னின்று கூட்டிய தமிழ்நெட் 97 மாநாடும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடும் முயன்றன. சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு தமிழ் மட்டும் கொண்ட ‘டேம்’, தமிழும் ஆங்கிலமும் கொண்ட ‘டேப்’ என்னும் இரு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்தது. அதே காலத்தில் பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழி விவாதித்து ‘திஸ்கி’ என்னும் குறியேற்றத்தை வகுத்தனர். ஆக, ஒன்றைத் தேடிய முயற்சி மூன்றில் முடிந்தது. திஸ்கியிலும் ஓர் இடர் இருந்தது: அதில் ‘இ’ அமர்ந்த 173ஆம் இடம், ஐரோப்பிய மொழிகளுக்கான குறியேற்றத்தில் வரியிறுதியில் மட்டும் தோன்றும் மென்கோட்டுக்கு உரியது என்பதால், சில செயலிகளில் அவ்வெழுத்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது, ஆகவே 1.7 பதிப்பில் ‘இ’க்கு 254ஆம் இடமும் அளிக்கப்பட்டது.

உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தபோதிலும், விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே அது சாதாரணப் பயனரின் கைக்கு எட்டியது. தமிழக அரசு அதைத் தன் தரமாக ஏற்க 2010 ஆயிற்று. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதற்கு எண்களுக்கு ஈடான எண்களைப் பட்டியலிட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் பழைய எழுத்துருக்கள் கண் காணும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன, அதாவது ‘கெ’ என்பதில் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வரும். ஒருங்குறியிலோ மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் நிற்கும். மேலும், ஔகாரக் குறியின் வலப்பாதி ளகரத்தைப் போலவே இருப்பதால், இடம் மிச்சப்படுத்த எண்ணிய பலர் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டனர். இதனால் கொம்பு, ககரம், ளகரம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்தால் அது ‘கௌ’வா ‘கெள’வா என்று மாற்றிச் செயலிக்குத் தெரியாது: எல்லாவற்றையும் ஔகாரமாக்கினால் உண்மையில் ளகரம் உள்ள சொற்கள் சிதையும், ஆக்காமல் விட்டால் கௌதமர் சிதைவார். இணையத்தில் இன்றும் காணப்படும் ‘கெளரவம்’ என்னும் பிழைவடிவத்துக்கு இந்த மாற்றத்திலும் ஒரு பங்கு உண்டு.

பழைய குறியேற்றங்களுக்கும் ஒருங்குறிக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் கடந்துவந்தவை எவை என்று நோக்கினால், கருவியின் தரத்தைவிட உடன்பாட்டின் வெளிப்படைத்தன்மையே முடிவைத் தீர்மானித்தது எனலாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கிய நூல்களைத் திஸ்கியில் வைத்திருந்தது. திஸ்கியின் குறியேற்ற அட்டவணை எவரும் காணக் கிடைத்ததால் அந்நூல்கள் ஒருங்குறிக்கு ஒழுங்காகப் பெயர்ந்தன. தம் அட்டவணையைத் தொழில் மறைபொருளாகக் காத்த வணிக எழுத்துருக்களின் கோப்புகளுக்கு அந்த வழி எளிதாக இல்லை. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசச் செயலிகள் பரவலான எழுத்துருக்கள் பலவற்றுக்கு வழி திறந்தன. அவற்றின் பட்டியலில் இல்லாத எழுத்துருக்களுக்கு, திரையில் தோன்றும் எழுத்தையும் உள்ளிருக்கும் எண்ணையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கண்டறிய வேண்டியிருந்தது.

பழைய எழுத்துருவைத் தன்னுள் பொதிந்துகொண்ட பி.டி.எப். கோப்புகளின் நிலை இன்னும் விந்தையானது. பார்வைக்கு அவற்றில் பழுதில்லை. ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஒரு வரியை நகலெடுத்தால் பொருளற்ற குறிகளே கிடைக்கும். அத்தகைய நூல்களுக்கு இப்போது பக்கத்தைப் படமாகக் கொண்டு எழுத்தைக் கண்டறியும் எழுத்துணரி பயன்படுத்தப்படுகிறது. கணினியிலேயே பிறந்த ஒரு நூல், பழைய ஓலைச்சுவடியைப் போல, உருவத்தைக் கொண்டே மீண்டும் படியெடுக்கப்படுகிறது.