பேராசிரியர் பிராங் தேடியதும் கண்டதும்

ட்ரஃபிள் என்று ஒரு காளான். மண்ணுக்குள்ளே கிழங்குபோலக் கிடக்கும். பன்றியையும் நாயையும் மோப்பம் பிடிக்க விட்டுத்தான் தோண்டியெடுப்பினம். நல்ல விலை. இதை நாங்களும் பயிரிட்டால் என்ன என்று 1880களில் பிரஷ்ய அரசாங்கத்துக்கு ஓர் ஆசை வந்தது. வழி கண்டுபிடிக்கும் பொறுப்பை பேர்லின் விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் ஆல்பேர்ட் பேர்ண்ஹார்ட் பிராங்கிடம் கொடுத்தார்கள்.

ட்ரஃபிள் விளைந்தபாடில்லை. ஆனால் மரவேர்களைக் கிண்டிப் பார்த்த பிராங் வேறொன்றைக் கண்டார். ஓக், பீச் மரங்களின் நுனிவேர்களைப் பங்கசு இழைகள் உறைபோட்டது மாதிரி மூடியிருந்தன. நோய் என்றால் மரம் வாட வேண்டுமே? மரங்களோ நல்ல செழிப்பு. வேர் மண்ணைத் தொடவே வழியில்லை. அப்படியென்றால் தண்ணீரும் உப்புக்களும் பங்கசு வழியாகத்தானே மரத்துக்குப் போகவேண்டும்? 1885இல் இந்தக் கூட்டுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பங்கசு, வேர் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தது. பங்கசுதான் மரத்துக்குச் செவிலித்தாய் என்றும் எழுதினார்.

படித்தவர்கள் பலர் ஏற்கவில்லை. பங்கசு ஒட்டுண்ணி, மரத்தின் சாப்பாட்டைத் தின்ன வந்தது என்பதே அவர்களின் முடிவு. (வெளியிலிருந்து வந்து ஒட்டியிருப்பதெல்லாம் உறிஞ்சத்தான் வந்தது என்ற கதை எங்களுக்கும் புதிதில்லைப் பாருங்கோ.) பிராங் பைன் நாற்றுகள் கொஞ்சத்தைக் கிருமிநீக்கிய மண்ணிலும் மற்றதைச் சாதாரண மண்ணிலும் வளர்த்துக் காட்டினார். சாதாரண மண்ணில் நின்றவைதான் நன்றாக வளர்ந்தன. அதற்குப் பிறகும் சந்தேகம் தீரவில்லை. 1900இல் அவர் இறந்துபோனார்.

கரிபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவில் வெளிநாட்டுப் பைன் மரம் வளர்க்கப் பலமுறை முயன்றார்கள். நாற்று முளைக்கும், பிறகு சோர்ந்து செத்துப்போகும். 1950களில் பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்ட பிறகுதான் பிழைத்தது. விதையோடு அந்தப் பங்கசு வந்திருக்கவில்லை. அதே காலத்தில் சுவீடனில் எலியாஸ் மெலின் என்பவர் கதிரியக்கப் பொசுபரசைக் கொண்டு கணக்கைத் தீர்த்தார். பொசுபரசு பங்கசு வழியாகப் பைனுக்குப் போனது. பைன் செய்த வெல்லம் பங்கசுக்கு வந்தது.

எனக்கு இதைவிட வியப்பு, மரம் ஏன் அதை உள்ளே விடுகிறது என்பதுதான். 2008இல் பிரான்ஸின் நான்சி நகர ஆய்வாளர் பிரான்சிஸ் மார்ட்டினும் கூட்டாளிகளும் லக்காரியா என்ற காளானின் ஜீன்களை முழுவதும் வாசித்தார்கள். ஏறத்தாழ 20,000 ஜீன்கள். தாவரக் கலச்சுவரை உடைக்கும் நொதியங்களுக்கான ஜீன்கள் பெரும்பாலும் அதில் இல்லை. ஆக, அடித்துடைத்து நுழைகிற ஆளில்லை. பதிலாகச் சின்னச்சின்னப் புரதங்களை வெளியே சுரக்கிறது. அதில் ஒன்றுக்கு மிஸ்ப்-7 என்று பெயர். பொப்லர் மரத்தின் வேர்க்கலத்துக் கருவுக்குள்ளேயே அது போய்விடுகிறது என்று 2011இல் காட்டினார்கள். அதைச் செய்யமுடியாதபடி ஜீனை அடக்கிய காளானால் வேரோடு சேரமுடியவில்லை. என்ன செய்கிறது என்பது 2014இல் தெரிந்தது. மரம் தன் பாதுகாப்பைக் கிளப்பவிடாமல் பூட்டி வைத்திருக்கிற ஒரு புரதம் உண்டு. பூட்டுத் திறக்காமல் மிஸ்ப்-7 அதைப் பிடித்து வைத்திருக்கிறது.

எல்லாக் காளானுக்கும் இதே வழி என்றில்லை. 2015இல் பல காளான்களை ஒப்பிட்டபோது, வெவ்வேறு வம்சங்கள் தனித்தனியாகத்தான் மரத்தோடு சேர்ந்திருக்கின்றன என்று தெரிந்தது. மரத்தை உக்கவைக்கும் ஜீன்களை ஒவ்வொன்றும் தன் பாட்டில் இழந்திருக்கிறது.