ஓலை வராத தூதர்

சாந்தோம் கோவிலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு பாதிரியாரின் ஞாபகம் வரும். அந்தக் கோவிலைக் கட்டியவர் அல்ல. இப்போது நிற்கும் கட்டடம் 1896ல் எழுந்தது. நான் சொல்பவர் அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பக்கம் வந்து, பதின்மூன்று மாதம் தங்கிவிட்டுப் போன வழிப்போக்கர்.

பெயர் ஜான். இத்தாலியில் மாண்டெகொர்வீனோ அவர் ஊர். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1289ல் போப்பாண்டவர் நான்காம் நிக்கோலஸ், சீனத்தை ஆண்ட குப்ளாய் கானுக்குத் திருமுகம் கொடுத்து அவரை அனுப்பினார். 1291ல் பாரசீகத்துத் தப்ரீஸ் நகரிலிருந்து புறப்பட்டபோது உடன் வந்தவர்களில் பிஸ்டோயா ஊர்த் துறவி ஒருவரும், பீட்டர் என்ற வியாபாரியும் இருந்தார்கள். தரைவழியில் மங்கோலியருக்குள்ளேயே சண்டை. ஆகவே கடல்வழியாக வந்து, புனித தோமையார் கோவிலில் தங்கினார்கள். ஜான் சுமார் நூறு பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கூட வந்த துறவி இங்கேயே கண்ணை மூடினார். சிநேகிதரை அந்தக் கோவிலிலேயே அடக்கம் செய்துவிட்டு ஜான் கிழக்கே பயணமானார்.

1294ல், இன்று பீஜிங் எனப்படும் கான்பாலிக் போய்ச் சேர்ந்தார். குப்ளாய் கான் அந்த ஆண்டு தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார்! பேரன் தெமூர் சிம்மாசனத்தில் இருந்தார். திருமுகம் அவரிடம் போயிற்று. தூது முடிந்தது.

நான் எழுதும் கதையானால் இங்கே 'முற்றும்' போட்டிருப்பேன். ஆனால் மனிதருக்குச் சோதனை அப்புறம்தான் ஆரம்பமாயிற்று.

அங்கே ஏற்கெனவே செல்வாக்கோடு இருந்த நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை. "இவன் தூதனே அல்ல, ஒற்றன். போப்பாண்டவர் அனுப்பிய உண்மையான தூதரை இந்தியாவில் கொன்றுவிட்டு, அவர் கொண்டுவந்த செல்வத்தை அபகரித்துக்கொண்டவன்" என்று பிராது கொடுத்தார்கள். பொய்ச்சாட்சிகளும் வந்தார்கள். சிநேகிதரைப் புதைத்த கைக்குக் கொலைக் குற்றம்! சுமார் ஐந்து வருஷம் நியாயஸ்தலத்துக்கு இழுத்தார்கள்; உயிர் போகும் என்று மிரட்டினார்கள். ரோமாபுரியிலிருந்து ஒரு வரி வந்திருந்தால் போதும். அது வரவில்லை. கடைசியில் ஒருவன் உண்மையைக் கக்கிவிட, சக்ரவர்த்தி அவரை நிரபராதி என்று கண்டார்.

1299ல் மூன்று மணிகள் தொங்கும் கோபுரத்தோடு ஒரு கோவிலைக் கட்டி முடித்தார். புதிய ஏற்பாட்டைத் தார்த்தாரிய மொழியில் பெயர்த்தார். ஆனால் பதினோரு வருஷம், தாம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ள இன்னொரு குருவே இல்லை. 1305ல் எழுதிய கடிதத்தில், பன்னிரண்டு வருஷமாக ஊர்ச் செய்தியே தெரியாது என்கிறார். வயது ஐம்பத்தெட்டு, தலை நரைத்தது வயதினால் அல்ல, பட்ட பாட்டினால் என்றும் சொல்கிறார்.

அதற்குப் பிறகுதான் ரோமாபுரி கண் விழித்தது. 1307ல் ஐந்தாம் கிளமெண்ட் போப்பாண்டவர் அவரைக் கான்பாலிக் பேராயராக நியமித்து, ஏழு பேரை ஆயர்களாக்கி அனுப்பினார். போய்ச் சேர்ந்தவர்கள் மூவர்தாம். ஜான் ஊர் திரும்பவே இல்லை. 1328 வாக்கில் அங்கேயே மறைந்தார்.

ஒரு ராஜ்யத்தின் ஓலையை இன்னொரு ராஜ்யத்துக்குச் சுமந்தவர் அவர். அவருக்கென்று ஓர் ஓலை எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதச் சோம்பல்படும்போது இதை நினைத்துக்கொள்கிறேன். உடனே எழுதிவிடுகிறேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் குற்றவாளியைப் போல் உணர்கிறேன்.