மடிப்பும் பிறழ்வும்

கை நடுங்கும் முதியவரைக் கண்டால், ‘வயது போனால் அப்படித்தான்’ என்று சொல்லி நகர்வது வீரமுனையிலும் கல்முனையிலும் நம்மவர் வழக்கம். எல்லா நடுக்கமும் முதுமையின் இயல்பன்று. சில வேளைகளில் அது நோய். அந்நோயைப் புரிந்துகொள்ள உதவிய அறிவின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு.

1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத்துறையின் தலைமையை ஏற்றார் ஜி. என். இராமச்சந்திரன். அங்கு வருகை தந்த பொதுவுடைமைச் சிந்தனையாளரான விஞ்ஞானி ஜே. டி. பேர்ணல், தோலுக்கும் எலும்புக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் துலங்கவில்லை என்று சுட்டிக்காட்டினார். அவ்வூரின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஆய்வுப் பொருளை வழங்கிற்று. அப்புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றதென இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் அறிவித்தனர். அவ்வமைப்பில் அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக்கும் ரிச்சும் மறுத்துரைத்தனர். அம்மறுப்பே அடுத்த ஆய்வுக்கு வித்தாயிற்று. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பவியலாது என்று வரையறுத்தது. புரத அமைப்புக்களைச் சோதிக்கும் உரைகல்லாக அது இன்றும் விளங்குகிறது.

சங்கிலி பிழையாக மடிந்தால் என்னாகும்? 1962இல் இத்தாலியரான ரிட்டோசா, வெப்பமுற்ற பழ ஈயின் கலங்களில் ஒரு புதுமாற்றத்தைக் கண்டார். அத்தடத்தைப் பின்பற்றிய ஆய்வுகள், பிற புரதங்கள் செவ்வனே மடியத் துணைநிற்கும் புரதங்களைக் காட்டின. திருந்தாதவற்றின்மீது யூபிகுவிட்டின் என்னும் அடையாளத்தைப் பொறித்துக் கலம் அவற்றைச் சிதைக்கிறது. இவ்வடையாள முறையைக் கண்டறிந்த மூவர் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். முதுமையில் இக்காவற்பணி தளர, பிறழ்ந்த புரதங்கள் திரள்கின்றன. பார்க்கின்சன் நோயாளரின் மூளையில் 1912இல் லெவி விவரித்த திரள்களில், ஆல்பா சினுக்ளீன் என்னும் புரதம் நிறைந்திருப்பது 1997இல் வெளிப்பட்டது. அத்திரள்களே நரம்புக் கலங்களைக் கொல்கின்றனவா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்த இராமச்சந்திரனையும் இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோயே பற்றியது. 2001 ஏப்ரல் 7இல் அவர் மறைந்தார். அந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றுமில்லை. ஆயினும் விறைப்பையும் நடுக்கத்தையும் தணிக்கும் லெவோடோபா உண்டு. அதைப் பெறுவதற்கு, முதலில் அது நோயென்று வீட்டார் அறிதல் வேண்டும். பின் வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும்.

திருத்தவியலாததைக் கலம் சிதைத்துவிடுகிறது. அது கலத்தின் நியதி. மனித சமுதாயத்தின் நியதியாகலாகாது. தளர்ந்தவரைத் திண்ணை மூலையில் ஒதுக்காது தாங்கி நிற்பதே நமக்குரிய அறம்.