அறிவு ஒப்பனையானபோது: ‘ஸ்க்ரீம் 3’ திரைப்படத்தின் தன்னுணர்வும் தளர்வும்

முன்னுரை

1978இல் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ பெற்ற வெற்றிக்குப் பின் அமெரிக்கத் திரையில் ‘ஸ்லாஷர்’ எனப்படும் தொடர்கொலைப் படவகை பெருகியது. முகமூடிக்காரன், கையில் கத்தி, ஒவ்வொருவராகச் சாகும் இளைஞர்கள், கடைசியில் எஞ்சும் ஒரு பெண் என அதன் அமைப்பு விரைவிலேயே உறைந்துபோயிற்று. எஞ்சும் அவளுக்கு ‘இறுதிப் பெண்’ என 1987இல் பெயரிட்டு ஆராய்ந்தவர் கேரல் கிளோவர். இந்த அமைப்பைக் கதைமாந்தரே அறிந்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்ட படம், கெவின் வில்லியம்சன் எழுதி வெஸ் கிரேவன் இயக்கிய ‘ஸ்க்ரீம்’ (1996). அதன் மூன்றாம் பாகம் 2000 பிப்ரவரியில் வெளிவந்தது.

ரத்தம் குறைந்து சிரிப்பு கூடியதே மூன்றாம் பாகத்தின் தளர்வுக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. 1999 ஏப்ரலில் நிகழ்ந்த கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் வன்முறை குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் தளர்வின் வேர் அதுவன்று. முதலிரு படங்களில் அந்த அமைப்பைப் பற்றிய அறிவு கதையின் போக்கை மாற்றியது. மூன்றாவதில் அது ஒப்பனையாக நின்றுவிட்டது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேர்வாக இருந்த தொலைபேசி

முதல் படத்தின் தொடக்கத்தில் கொலைகாரன் தொலைபேசியில் கேட்பது திகில் படங்களைப் பற்றிய வினாக்கள். ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ படத்தின் கொலையாளி யார் என்ற கேள்விக்கு, அழைப்பை எடுத்த கேஸி, ஜேசன் என்கிறாள். ஆனால் அந்தப் படத்தில் கொன்றவள் ஜேசனின் தாய். அந்தத் தவறான விடைக்கு விலை ஓர் உயிர். திகில் பட விதிகளை ஒப்பிக்கும் ரசிகன் ராண்டி, சோபாவில் அமர்ந்து ‘ஹாலோவீன்’ நாயகியைத் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கத்துகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் கொலைகாரன் நிற்கிறான். கன்னித்தன்மை இழந்தவள் சாவாள் என்னும் விதியை மீறிய நாயகி சிட்னியோ பிழைக்கிறாள். இரண்டாம் படத்தில் (1997), எல்லாம் அறிந்த ராண்டியே பட்டப்பகலில் கொல்லப்படுகிறான். இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்பார்கள். இவ்விரு படங்களும் இலக்கணத்தைச் சொல்லி, அதை உரைகல்லில் இட்டு, சில இடங்களில் உடைத்தும் காட்டின.

மூன்றாம் படத்துக்கு எரன் க்ரூகர் எழுதினார். இங்கே கொலைகாரனிடம் எவர் குரலையும் அப்படியே ஒலிக்கும் கருவி இருக்கிறது. தொலைபேசி தேர்வுக்கூடமாக இல்லை, வேடம் போடும் கருவியாகிவிட்டது. குரலை நம்பியவர் சாகிறார். அவர் எத்தனை படம் பார்த்தவர் என்பதற்கு இனி மதிப்பில்லை.

மூன்று விதிகள்

இறந்த ராண்டி ஒரு காணொளிப் பதிவில் தோன்றி, முத்தொகுதியின் இறுதிப் பாகத்துக்கான விதிகளைச் சொல்கிறான்: கொலைகாரன் மனித ஆற்றலை மிஞ்சியவனாக இருப்பான், முதன்மைப் பாத்திரம் உட்பட எவரும் சாகலாம், கடந்தகாலம் திரும்பி வந்து கடிக்கும். படம் பார்வையாளருக்குத் தரும் வாக்குறுதி இது. முதல் விதியின் விடை வெறும் குண்டு துளைக்காத உடுப்பு. இரண்டாவது விதி நிறைவேறவில்லை: முதன்மைப் பாத்திரங்களான சிட்னி, கேல், டூவி மூவரும் பிழைக்கிறார்கள். மூன்றாவது நிறைவேறுகிறது. ஆனால் சிட்னிக்கு அறியப்படாத அண்ணன் ஒருவனைக் கொண்டுவந்து, முதல் படத்துக் கொலைகளையும் அவனே தூண்டினான் என்று பழைய கதையைத் திருத்தி எழுதுவதன் மூலம் நிறைவேறுகிறது. விதியை மீறுவது தன்னுணர்வாகலாம். சொல்லிவிட்டு மறந்துபோவது ஆகாது.

படத்துக்குள் ‘ஸ்டேப் 3’ என்றொரு படம் ஹாலிவுட்டில் எடுக்கப்படுகிறது. அதற்காக எழுப்பிய செட்டில், தன் ஊரான வுட்ஸ்பரோவிலிருந்த வீட்டின் நகலுக்குள் சிட்னி நுழைகிறாள். அங்கேயே முகமூடிக்காரன் தாக்குகிறான். தன் துயரம் பலகையும் பூச்சுமாக விற்பனைக்கு நிற்பதை அவள் காணும் இக்காட்சி, தொடரின் மிகச் சிறந்த படிமங்களுள் ஒன்று. இதிலிருந்து வளர வேண்டிய படம், உச்சக்கட்டத்துக்கு ரகசிய வழிகள் நிறைந்த ஒரு மாளிகையைத் தேடிப் போகிறது. பழைய பேய்ப்படங்களின் முகவரி அது.

சொல்லப்பட்டும் சிந்திக்கப்படாத உண்மை

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். சிட்னியின் தாய் மோரீன், இளமையில் ரீனா ரெனால்ட்ஸ் என்ற பெயரில் நடிக்க வந்தவள். தயாரிப்பாளர் ஜான் மில்டனின் விருந்துகளில் சீரழிக்கப்பட்டவள். படத்தைத் தயாரித்த டைமென்ஷன், அப்போது வைன்ஸ்டீன் சகோதரர்களின் மிராமேக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்திருந்தது. ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகள் 2017 அக்டோபரில் வெளிவந்தபின், இப்படம் உண்மையை முன்கூட்டியே சொன்னதாக மறுமதிப்பீடுகள் எழுந்தன.

சொன்னது மெய். ஆனால் சொன்ன உண்மை கதையில் எங்கே போய்ச் சேர்கிறது? மில்டனின் ஒப்புதல் ஒரே காட்சியில் ஒரு துப்பாகக் கடந்துவிடுகிறது. கொலைகாரன் ரோமன், அந்தத் தாய் கைவிட்ட மகன். அவனுடைய முதன்மையான வன்மம் அவளைச் சீரழித்த தொழில்மீதன்று. தன்னை ஏற்க மறுத்த தாய்மீதும், அவளிடம் வளர்ந்த தங்கைமீதும்தான். சீரழித்தவர்களின் குற்றம் சீரழிக்கப்பட்டவளின் குற்றமாகத் திரும்புகிறது. முதல் படத்தின் கொலைகாரன் பில்லியும் அவளையே பழித்தான். அந்தப் பழியைக் கேள்விக்குட்படுத்தக் கிடைத்த அரிய வாய்ப்பை மூன்றாம் படம், ஓர் ஆணின் மனக்குறைக்குக் காரணம் காட்டச் செலவழித்துவிட்டது.

முடிவுரை

தன்னுணர்வு என்பது பழைய படங்களின் பெயர்களை உதிர்ப்பதிலும் விதிகளை எண்ணிச் சொல்வதிலும் இல்லை. அறிந்தது கதையில் ஒருவருடைய செயலையேனும் மாற்ற வேண்டும். இந்த அளவுகோலில் ‘ஸ்க்ரீம் 3’ தோற்ற படமே. அதன் தோல்வி அறியாமையால் நேர்ந்ததன்று. வேறெந்தப் பாகமும் தொடாத உண்மையைக் கையில் எடுத்துவிட்டு, ராண்டியைப் போல அதுவும் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டது.