ஓசிப் புத்தகத்தில் வந்த தத்துவம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வளர்ந்தவன் நான். ப்ளஸ் டூ முடிச்சதும் அப்பா சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "மெக்கானிக்கல் எடுடா, இங்கயே வேலை கிடைக்கும்." எடுத்தேன். இப்ப மென்பொருள் எழுதிட்டு இருக்கேன், அது வேற கதை :-)

அந்த நாலு வருஷத்துல மேற்கத்திய தத்துவம் எங்க கண்ணுல பட்டது ஒரே ஒரு பேப்பர்ல. பொறியாளர்களுக்கான தொழில் அறம். கான்ட்டின் கடமைக் கொள்கை, மில்லின் பயன்பாட்டுவாதம், கோல்பர்கின் ஆறு படிநிலைகள்... எல்லாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனப்பாடம். இவங்க எந்தக் கேள்விக்குப் பதில் தேடினாங்கன்னு வகுப்புல ஒருத்தரும் கேட்கல. நானும்தான்.

சமீபத்துல எங்க மாவட்டத்துக்காரர் ஒருத்தரோட கல்லூரிக் கதையைப் படிச்சதும் கொஞ்சம் வெட்கமாப் போச்சு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888ல் திருத்தணியில் பிறந்தவர். (திருத்தணி அப்போ வட ஆற்காடு மாவட்டம். பிறகு ஆந்திராவில் இருந்து, 1960ல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.)

வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு சென்னை கிறித்தவக் கல்லூரிக்கு வந்தார். அந்தக் கல்லூரி 1937ல்தான் தாம்பரம் போனது. அப்போ பாரிமுனைப் பக்கம். தத்துவத்தை அவர் தேடிப் போய் எடுக்கல. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார். வசதியில்லாத குடும்பம், புத்தகச் செலவு மிச்சம். பாடம் முடிவாயிடுச்சு! எங்க அப்பா கணக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லீங்க.

வித்தியாசம் அப்புறம்தான். உலகமே மாயைன்னா நல்லது கெட்டதுக்கு என்ன இடம், வேதாந்தத்தில் அறமே கிடையாதேன்னு மிஷனரிகள் விமர்சித்தார்கள். வீட்டில் வளர்ந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அவர் காதைப் பொத்திக்கல, புத்தகத்தையும் மூடல. அவங்க கற்றுக்கொடுத்த ஐரோப்பிய தத்துவ முறையிலேயே பதில் எழுதினார். வேதாந்தத்தின் அறத்தைப் பற்றிய அந்த எம்.ஏ. ஆய்வேடு 1908ல் புத்தகமாக வந்தது. வயசு 20!

பேராசிரியர் ஏ.ஜி. ஹாக் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தாராம். ஹாக் பாராட்டினார். தன் மதத்துக்கு எதிர்வாதம் எழுதிய மாணவனைப் பாராட்டிய அந்த ஸ்காட்லாந்துக்காரர் மேலயும் எனக்கு மரியாதை வந்துடுச்சு.

1936ல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர், 1962ல் குடியரசுத் தலைவர். செப்டம்பர் 5ன்னா நமக்கு ஞாபகம் வர்றது அந்தப் பதவிகள்தான்.

எனக்கு உறைச்சது வேற. பாடம் யாருக்கும் தற்செயலா அமையலாம். நம்மகிட்ட ஒரு கேள்வி இருந்தாத்தான் அது நம்ம பாடம் ஆகும். என்கிட்ட அன்னிக்கு இருந்தது ரெண்டு மார்க் கேள்வி மட்டும்தான்.