காதலனும் கூலியாளும்: போர்ஸ்டரின் 'மொறிஸ்' நாவலில் ஒரு பாத்திரத்தின் வரலாறு

1

காதற் புனைகதையில் நாயகனின் அன்பைப் பெறும் பாத்திரம் வாசகரின் அன்பையும் பெறல் வேண்டும். இதனை ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகக் கொள்வோர் பலர். அழகு, இனிய பேச்சு, மன்னிக்கத்தக்க சிறு குறை, பழைய துயரம் ஒன்று ஆகியவற்றை உரிய அளவிற் சேர்த்தால் அத்தகைய பாத்திரம் உருவாகிவிடும் என்பது அவர்தம் எண்ணம். ஆயின், எத்தகைய மனிதன் காதலிக்கத்தக்கவனாகத் தோற்றுகின்றான் என்பது வரலாற்றினால் நிர்ணயிக்கப்படும் விடயமாகும். ஆண்கள் இருவருக்கிடையே தோன்றும் காதலைப் பொருளாகக் கொண்ட புனைகதையில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலனாகின்றது. அங்கு காதலனாக வரவேண்டியவனைச் சட்டமும் பத்திரிகைகளும் முன்னரே குற்றவாளியாக வரைந்து வைத்திருந்தன.

ஈ. எம். போர்ஸ்டர் 1913-14 ஆம் ஆண்டுகளில் எழுதி, தாம் மறைந்த மறு ஆண்டாகிய 1971 இலேயே வெளிவர விட்ட 'மொறிஸ்' என்னும் நாவல் இவ்வகையில் முக்கியமானது. அதில் வரும் அலெக் ஸ்கடர் என்னும் பாத்திரம் எவ்வாறு உருவாயிற்று, அதன் கவர்ச்சி எதில் தங்கியுள்ளது, அதன் எல்லை யாது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

2

1885 ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத் திருத்தமொன்று, ஆண்களுக்கிடையிலான எவ்வித பாலுறவு நடத்தையையும், அது தனிமையில் நிகழ்ந்ததாயினும், இரண்டு ஆண்டு வரையான கடூழியச் சிறைக்குரிய குற்றமாக்கியது. மிரட்டிப் பணம் பறிப்போர்க்கு இச்சட்டம் பெரும் வாய்ப்பாக அமைந்தது. 1895 இல் ஒஸ்கார் வைல்ட் இச்சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்டபோது, உழைக்கும் வர்க்கத்து இளைஞர் சிலர் அவருக்கெதிராகச் சாட்சி கூறினர். அவ்வழக்கின் பின்னர் ஆங்கில நடுத்தர வர்க்கத்தின் மனத்தில் இரு உருவங்கள் பதிந்தன: ஒன்று சீரழிந்த கனவான்; மற்றது அவனிடம் பணம் பறிக்கும் ஏழை இளைஞன். இவ்விரண்டாவது உருவத்தையே போர்ஸ்டர் தமது நாவலின் காதலனாக்கத் துணிந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்துணிவுக்கு வாழ்க்கையில் ஒரு முன்மாதிரி இருந்தது. கேம்பிரிட்ஜில் பதவி வகித்து, மதகுருவாகவும் இருந்து, பின் அவற்றைத் துறந்த எட்வேர்ட் காப்பென்டர் என்னும் சோஷலிசவாதி டார்பிஷயரிலுள்ள மில்தோர்ப் கிராமத்திற் குடியேறி உழவிலும் எழுத்திலும் ஈடுபட்டிருந்தார். ஷெபீல்ட் நகரின் வறிய குடியிருப்பில் வளர்ந்த ஜோர்ஜ் மெரில் என்பவர் 1898 முதல் அவரோடு வாழ்ந்தார். 1913 இல் அங்கு சென்ற போர்ஸ்டரை மெரில் தொட்ட கணத்திலேயே இந்நாவல் தம்முள் உருவாயிற்று என 1960 இல் எழுதிய பின்னுரையில் போர்ஸ்டர் கூறுகின்றார். பின்னர் 1928 இல் மெரில் இறக்க, மறு ஆண்டு காப்பென்டரும் மறைந்தார். முப்பது ஆண்டுகள் நிலைத்த இவ்வுறவு, இத்தகைய காதல் அழிவிலன்றி வேறெதிலும் முடியாது என்ற அக்கால நம்பிக்கைக்கு வாழும் மறுப்பாக இருந்தது.

காப்பென்டர் எமக்கு முற்றிலும் அந்நியரல்லர். சேர். பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ்க் கால நண்பர் அவர். 1890 இல் அருணாசலத்தைக் காண இலங்கை வந்து, இங்கு தமிழ் ஞானி ஒருவரிடம் உபதேசம் கேட்டுத் திரும்பி, 1892 இல் அப்பயண அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அருணாசலம் தமக்கு எழுதிய கடிதங்களையும் அவர் பின்னர் பதிப்பித்தார். அருணாசலம் வரலாற்றை எழுதுவோர் இந்நட்பை வேதாந்த சித்தாந்த விசாரணையின் பகுதியாகவே காட்டுவர். காப்பென்டரின் சோஷலிசமும், ஒருபாற் காதலுக்காக அவர் வெளிப்படையாக எழுதியமையும் அவ்வரலாறுகளிற் போதிய இடம் பெற்றில.

3

நாவலின் நாயகன் மொறிஸ் ஹோல் பங்குத் தரகு நிறுவனமொன்றின் வாரிசு; சாதாரண அறிவும் சாதாரண ஆசைகளும் கொண்டவன். அவனுக்கு இரு காதலர் அமைகின்றனர். முதல்வன் கிளைவ் டேர்ஹம், நிலவுடைமைக் குடும்பத்தவன். கேம்பிரிட்ஜில் பிளேட்டோவைப் படித்து அதன் வழியாகவே காதலைக் கண்டவன். அறிவு, நயம், அழகிய உரையாடல் யாவும் அவனிடம் உண்டு. காதற்கதைக் காதலனுக்குரிய இலக்கணங்களை எண்ணிப் பார்த்தால் கிளைவ் குறைவற்றவன். இருப்பினும் வாசகர் மனம் அவனைவிட்டு மெல்ல விலகுகின்றது. கிளைவ் எதையும் பணயம் வைப்பதில்லை என்பதே காரணம். கிரேக்க நாட்டுப் பயணத்தின்போது அவன் மனம் மாறுகின்றது. மணம் செய்து, பண்ணை வீட்டுக்குத் திரும்பி, அரசியலில் இறங்குகின்றான். அவனுடைய காதல் அவனது வர்க்கம் ஓர் இளைஞனுக்கு அனுமதித்த ஓய்வுக்காலமாக இருந்தது. உடைமைப் பொறுப்பு வந்ததும் அது முடிவுற்றது.

இரண்டாமவனாகிய அலெக், கிளைவின் பண்ணையில் வேட்டைக்காட்டைக் காக்கும் ஊழியன். கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகன். போர்ஸ்டர் அவனை அறிமுகப்படுத்தும் முறை நுணுகி நோக்கற்பாலது. நாவலின் பிற்பகுதியில், கனவான்களின் பேச்சுக்கிடையே, பெயரளவில் அவன் தென்படுகின்றான். பியானோவை நகர்த்துகின்றான், மழையிலே காத்து நிற்கின்றான், கொடுத்த சில்லறைப் பணத்தை ஏற்க மறுத்து எசமானர்களைச் சினங்கொள்ளச் செய்கின்றான். மொறிஸ் அவனைப் பார்ப்பதற்கு முன்னரே அவன் மொறிஸைப் பார்த்துவிட்டான் என்பதை நாம் பின்னரே அறிகின்றோம். இரவில், சாத்தப்பட்டிருந்த ஏணியில் ஏறிச் சாளரத்தினூடாக வருபவனும் அவனே. விரும்பப்படும் பொருளாக மட்டும் இருக்கவேண்டியவன் விரும்பும் மனிதனாக முன்வருகின்றான். அலெக்கின் கவர்ச்சிக்கு முதற் காரணம் இதுவே எனலாம்.

இரண்டாவது காரணம் மேலும் ஆழமானது. பதிலின்றிப்போன கடிதங்களால் அவமதிக்கப்பட்ட அலெக், மொறிஸை மிரட்டத் தொடங்குகின்றான். இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் இருவரும் சந்திக்கின்றனர். வைல்ட் வழக்கு வாசகர் மனத்தில் விதைத்திருந்த ஐயம் முழுவதும் இங்கு மேடையேறுகின்றது: இவனும் பணம் பறிக்கும் ஏழைதானா? சாதாரண எழுத்தாளன் தன் காதலனை இவ்வையத்துக்கு அப்பால் நிறுத்திக் காப்பாற்றியிருப்பான். போர்ஸ்டரோ அவனை ஐயத்தின் நடுவிற் கொண்டுபோய் விடுகின்றார். மிரட்டலுக்குப் பின்னால் இருப்பது பேராசையன்று, தன்னை வேலைக்காரனாகவே நடத்துகின்றார்கள் என்ற புண்பட்ட தன்மானமே என்பது அவ்வுரையாடலிற் படிப்படியாக வெளிப்படுகின்றது. அவ்வேளை எதிர்ப்படும் பழைய ஆசிரியர் ஒருவரிடம் மொறிஸ் தன் பெயர் ஸ்கடர் என்கின்றான். கனவான் ஒருவன் கூலியாளின் பெயரைத் தனதாக ஏற்கும் அக்கணத்தில் மிரட்டல் வலுவிழந்துவிடுகின்றது.

விடுதியில் அவர்களிடையே நிகழும் பேச்சும் கருதத்தக்கது. அலெக் ஆர்ஜென்டீனாவுக்குக் கப்பலேற இருக்கின்றான். நீ நின்றுவிடு, நானும் என் தொழிலை விடுகின்றேன் என்கின்றான் மொறிஸ். தொழிலை அவ்வாறு விட்டுவிட முடியாது என அலெக் மறுக்கின்றான். முதலிருப்பவனுக்கு எளிதாகத் தோன்றும் துறவு, கூலியில் வாழ்ந்தவனுக்கு எளிதாகத் தோன்றவில்லை. காதலின் உச்சத்திலும் தன் வாழ்நிலை தந்த அறிவை அவன் இழக்கவில்லை. அவன் இறுதியிற் கப்பலைத் தவறவிட்டு நிற்பது எமது நெஞ்சைத் தொடுவதற்கு இம்மறுப்பே அடிப்படையாகின்றது. மறுக்கும் உரிமை இல்லாதவனின் இசைவுக்குப் பெறுமதி ஏது?

4

இன்ப முடிவு இன்றியமையாதது என்று போர்ஸ்டர் தமது பின்னுரையில் உறுதியாகக் கூறுகின்றார். தண்டனையிலோ தற்கொலையிலோ கதை முடிந்திருப்பின் வெளியிடுதல் எளிதாயிருந்திருக்கும் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். காதலர் தண்டனையின்றித் தப்புவதே அக்காலச் சட்டத்தின் கண்ணுக்குக் குற்றம். 1957 இல் வுல்பென்டன் குழுவின் அறிக்கை வந்தது. 1967 இலேதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களின் தனிமைக்குச் சட்டம் விலக்களித்தது. நண்பர்களிடையே கையெழுத்துப் பிரதியாக மட்டும் உலாவிய அரை நூற்றாண்டில் போர்ஸ்டர் நாவலைப் பன்முறை திருத்தினார். அவ்வுறவு ஆறு வாரம் கூட நிலைக்காது என 1915 இல் லிட்டன் ஸ்ட்ரேச்சி கருத்துரைத்தார். அலெக்கைப் பற்றி மேலும் சிந்திக்க அக்கருத்து போர்ஸ்டரைத் தூண்டிற்று. அப்பாத்திரம் விரிவும் தனித்துவமும் பெற்றது. மில்தோர்ப்பிலிருந்து கிளம்பிய ஒரு சாயல், உழைப்பும் கோபமும் கொண்ட மனிதனாக வளர்ந்தது.

எனினும், போர்ஸ்டரின் எல்லையையும் நாம் சுட்டாதிருத்தலாகாது. காதலர் இருவரும் சமூகத்தைத் துறந்து காட்டுக்குட் சென்று மறைகின்றனர். கிளைவ் தனியே தன் உடைமைக்குத் திரும்புகின்றான். பண்ணை அவ்வாறே இருக்கின்றது. சட்டமும் அவ்வாறே இருக்கின்றது. ஆங்கில நாட்டில் அத்தகைய காடு இரு உலகப் போர்களோடு ஒழிந்துவிட்டது எனப் பின்னுரையிற் போர்ஸ்டரே ஒப்புகின்றார். சமூக மாற்றத்தின் மூலம் தீர்க்கப்படவேண்டிய முரண்பாடு இங்கு இயற்கையின் மடியில் தற்காலிகமாக மறைக்கப்படுகின்றது. அலெக் மிக உயிர்ப்புடன் இயங்குவது நூதனசாலைக் காட்சியிலும் விடுதிக் காட்சியிலுமாகும். வர்க்க மோதல் நிகழும் இடங்கள் அவையே. காட்டை அணுகுந்தோறும் அவனது உருவரை மங்குவதை வாசகர் உணர்வர்.

5

எமது மண்ணைச் சார்ந்த நாவலொன்று இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. ஷியாம் செல்வதுரை கனடாவிலிருந்து ஆங்கிலத்தில் எழுதி 1994 இல் வெளியிட்ட 'ஃபனி போய்' நாவலில், கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜி, ஷெஹான் என்ற சிங்கள மாணவனை விரும்புகின்றான். ஷெஹானின் கவர்ச்சி பாடசாலை அதிபரின் கொடுமைக்கு அவன் காட்டும் எதிர்ப்பிற் பிறக்கின்றது. அவனைக் காக்க எண்ணி அர்ஜி மேடையிற் செய்யுள்களை வேண்டுமென்றே சிதைத்து ஒப்புவிக்கின்றான். அதனால் தமிழ் மாணவருக்கு ஓரளவு அரணாக நின்ற அதிபரின் நிலையே ஆட்டங்காண்கின்றது. பின்னர் 1983 யூலை வன்செயலிடையே, ஷெஹான் சிங்களவன், தான் தமிழன் என்ற உணர்வு முதன்முறையாக அர்ஜியை உறுத்துகின்றது. போர்ஸ்டரிடம் வர்க்கம் ஆற்றிய பணியை இங்கு இன முரண்பாடு ஆற்றுகின்றது. இக்காதலர்க்குப் புகுவதற்குக் காடும் இல்லை. அர்ஜியின் குடும்பம் கனடாவுக்குப் புலம்பெயர்கின்றது.

6

ஒருபாற் காதலைப் பூர்ஷ்வாச் சீரழிவின் அறிகுறியெனத் தள்ளிவிடும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையே நீண்டகாலம் நிலவியது. 1917 புரட்சியின் பின் ருஷ்யாவில் நீக்கப்பட்ட தண்டனை 1933-34 இல் மீண்டும் கொண்டுவரப்பட்டமை இப்போக்குக்கு ஆதரவாயிற்று. ஆயின், 'மொறிஸ்' நாவலில் சீரழிவு எங்குள்ளது என வினவினால், அது உடைமைக்காகக் காதலைக் கைவிட்ட கிளைவிடமே காணப்படுகின்றது. இலங்கையில் இவ்வுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவை 1883 இல் குடியேற்ற ஆட்சி தந்ததாகும். அதனை எமது பண்பாடென்று காப்போர், விக்டோரியா அரசியின் ஒழுக்கத்தையே காக்கின்றனர். 2023 இல் இக்குற்றத்தை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் தீர்மானித்தமை இவ்விவாதத்தை எம்மத்தியில் மீண்டும் எழுப்பியுள்ளது.

இத்தகைய காதலைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு அலெக் ஸ்கடர் தரும் பாடம் தெளிவானது. காதலனுக்கு அழகை அளிப்பதற்கு முன் ஒரு தொழிலை அளித்தல் வேண்டும். இழப்பதற்கு ஏதேனும் ஒன்றையும், மறுப்பதற்கு உரிமையையும் அளித்தல் வேண்டும். கூலி, சாதி, இனம், சட்டம் ஆகியவற்றின் அழுத்தத்தினிடையே ஒருவன் மற்றவனைத் தெரிந்தெடுப்பதைக் காணும்போதே வாசகர் அவனை நம்புகின்றனர்.