தேறியவன் யார்? தவறியவன் யார்?

பரீட்சையில் 40 மதிப்பெண் பெற்றவன் தேறியவன்; 39 பெற்றவன் தவறியவன். இருவருக்கும் இடையே உள்ள தூரம் ஒரேயொரு மதிப்பெண்தான். ஆயினும் ஒருவனுக்குக் கதவு திறக்கிறது, மற்றவனுக்கு அடைபடுகிறது. “எல்லாம் தலைவிதி” என்று பெற்றோர் பெருமூச்சு விடுகின்றனர். அது தலைவிதியன்று, மனிதர் கிழித்த கோடு என்பதை நாம் உணர்தல் வேண்டும். அத்தகைய கோடுகளை ஆராய்ந்த ஒரு கணித முறையின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே வந்தால், எந்த மணியோடு அது குவியல் அல்லாததாகிறது? கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் யூபுலிடீஸ் என்னும் கிரேக்க அறிஞர் எழுப்பியதாகச் சொல்லப்படும் வினா இது. ஆயினும், ஒரு பொருள் ஒரு கூட்டத்தில் உண்டு, அன்றேல் இல்லை என்பதே தருக்க நூலாரின் பெருவழக்காக நிலைத்தது.

அவ்வழக்குக்கு மாற்று வகுத்துப் புகழ்பெற்றவர் லொட்ஃபி ஸாதே. 1921-இல் பாக்கு நகரில் பிறந்து, டெஹ்ரானில் வளர்ந்து, 1944-இல் அமெரிக்கா சென்ற இவர், பெர்க்கிலி சர்வகலாசாலையில் பேராசிரியராய் விளங்கினார். 1965-இல் இவர் ‘ஃபஸி கணங்கள்’ என்னும் கட்டுரையை வெளியிட்டார். எல்லை மங்கிய கணங்கள் என்பது அதன் பொருள். ‘உயரமானவர்’ என்னும் கூட்டத்தில் ஒருவர் 1 என்னும் அளவுக்கும், வேறொருவர் 0.7 அளவுக்கும், மற்றொருவர் 0.2 அளவுக்கும் சேரலாம் என்றார். இது வாய்ப்புக் கணக்கன்று. உயரத்தை அளந்து முடித்த பின்னும், அச்சொல் அவருக்கு எவ்வளவு பொருந்தும் என்னும் கணக்கேயாம்.

எதிர்ப்பு எழாமலில்லை. புகழ்பெற்ற அறிஞர் ருடால்ஃப் கால்மன் 1972-இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தார். வாதத்துக்கு விடை செயலில் வந்தது. லண்டனில் இப்ராஹிம் மம்தானி, “அழுத்தம் சற்றே மிகுந்தால் வெப்பத்தைச் சிறிது குறை” என்பன போன்ற சொல்வழி விதிகளைக்கொண்டு ஒரு சிறு நீராவி இயந்திரத்தை நடத்திக் காட்டி, 1974-இல் அதனை வெளியிட்டார். 1987-இல் ஜப்பானின் செண்டாய் நகரச் சுரங்க ரயில் இம்முறையால் ஓடத் தொடங்கியது.

தீர்மானம் செய்வதற்கும் இது பயன்பட்டது. 1970-இல் பெல்மனும் ஸாதேயும் வகுத்த முறைகளுள் ஒன்று இது: ஒருவரிடம் வேண்டிய குணங்களுள் மிகக் குறைந்த பொருத்தத்தையே அவருடைய அளவாகக் கொள்க. ஒரு வேலைக்கு இருவர் வருகின்றனர் என்போம். முதல்வரின் திறமை 0.9, அனுபவம் 0.4. அடுத்தவரின் திறமை 0.7, அனுபவம் 0.6. சராசரி பார்த்தால் இருவரும் சமம். இம்முறையிலோ முதல்வருக்கு 0.4, அடுத்தவருக்கு 0.6, ஆகவே அடுத்தவரே தக்கவர். 1995-இல் ரஞ்சித் பிஸ்வாஸ் என்பார் மாணவர் விடைத்தாள்களை மதிப்பிடவும் இக்கணங்களைப் பயன்படுத்தினார். ஒரு விடை எவ்வளவுக்குச் சிறந்தது, எவ்வளவுக்குத் திருப்தியானது என்று ஆசிரியர் பல படிகளில் குறிக்கலாம் என்றார்.

ஆனால், அன்பர்களே, ஒன்றை மறத்தலாகாது. 0.6 என்று எழுதுபவரும் மனிதரே. அவ்வெண்ணிலும் பாரபட்சம் ஒளிந்திருக்கக் கூடும். மேலும் கல்லூரியில் இடம் ஒன்றே எனில், முடிவில் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தே ஆகவேண்டும். பாதி இடம் கொடுக்க எந்தக் கணிதத்தாலும் ஆகாது. ஆகவே கோடுகள் ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. கோட்டைக் கிழித்தவர் அதற்குக் காரணம் சொல்லட்டும். கோட்டருகே நிற்பவனை இன்னொருமுறை ஆராயட்டும் என்றே கூறுகிறோம்.

39 பெற்ற பிள்ளையை மூடன் என்று ஏசும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பாராக. அவன் ‘தேறியவன்’ என்னும் சொல்லுக்கு மிக அருகில் நிற்பவன்.